நெஞ்சில் நீர் எடுக்கும்போது அல்ட்ராசவுண்ட்: தோலில் குறியிட்டு அனுப்பினால் போதுமா?

வளர்பிறை எழுதியது:

வணக்கம். நெஞ்சக மருத்துவத்தில் முதுநிலை படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பிரிவில் நுரையீரல் உறையில் நீர் கோத்தவர்களுக்கு நீர் எடுக்கும் வழக்கம் இதுதான்: காலையில் நோயாளியை ஸ்கேன் அறைக்கு அனுப்புவோம். அங்கே முதுகில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு, நீரின் ஆழத்தைச் சீட்டில் எழுதித் தருவார்கள். ரவுண்ட்ஸ் முடிந்து, மற்ற வேலைகளும் முடிந்து, மதியத்துக்கு மேல் வார்டில் அந்தக் குறியின் மேல் ஊசியை இறக்குவோம்.

பிரிவிலேயே ஓர் அல்ட்ராசவுண்ட் கருவி உறையிட்டு மூடிக் கிடக்கிறது. "நெஞ்சை விரலால் தட்டிப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அது எதற்கு?" என்கிறார்கள் மூத்தவர்கள் சிலர். எனக்கு மனம் ஒப்பவில்லை. குறி போடும்போது நோயாளி எப்படி உட்கார்ந்திருந்தார், படத்தில் என்ன தெரிந்தது, எதைத் தவிர்ப்பதற்காக அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எதுவும் ஊசி போடும் எனக்குத் தெரிவதில்லை.

இந்த முறை சரியா? நாமே கற்றுக்கொள்வதென்றால் எதில் தொடங்க வேண்டும்?

பழைய ஸ்டெத் எழுதியது:

சரியில்லை. மழுப்பாமல் சொல்கிறேன்.

ஸ்கேன் அறையில் நோயாளி கால்களைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். வார்டில் மேசைமேல் தலையணை வைத்துக் குனிந்து சாய்ந்திருப்பார். கைகளை முன்னால் நீட்டியதும் தோள்பட்டை எலும்பு விலகும். அதோடு முதுகுத் தோலும் இழுபடும். காலையில் ஒரு விலா இடைவெளிக்கு நேராக இருந்த குறி மதியம் விலா எலும்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். படுத்தால் உதரவிதானம் மேலேறும், நீர் வேறு பக்கம் ஒதுங்கும். சீட்டில் எழுதிய ஆழத்துக்கு அப்புறம் பொருளில்லை.

பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2010ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே இதைச் சொல்லிவிட்டது. உறைநீர் தொடர்பான எல்லாச் செய்முறைகளுக்கும் அல்ட்ராசவுண்ட் துணையை அழுத்தமாகப் பரிந்துரைத்தது. ஓரிடத்தில் குறியிட்டு வேறிடத்தில் ஊசி போடுவதைப் பெரிய நீர்க்கோப்பு தவிர மற்றவற்றுக்கு வேண்டாம் என்றது. இந்த எச்சரிக்கை சும்மா வந்ததல்ல. 2005 முதல் மார்பு வடிகுழாய் செருகுவதில் நேர்ந்த 12 இறப்புகளையும் 15 கடுமையான பாதிப்புகளையும் பட்டியலிட்டு, பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2008இல் மருத்துவமனைகளுக்கு அறிக்கை அனுப்பியிருந்தது.

தட்டிப் பார்ப்பதை நானும் விடவில்லை, விடவும் சொல்லமாட்டேன். ஆனால் மந்த ஒலி கேட்டால் அது நீரா, மேலேறிய உதரவிதானமா, தடித்துப்போன உறையா, சுருங்கிய நுரையீரலா என்பதை விரல் சொல்லாது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவர்கள் கையால் பரிசோதித்துத் தேர்ந்தெடுத்த இடங்களை உடனே அல்ட்ராசவுண்டில் சரிபார்த்தார்கள். சுமார் 15 விழுக்காடு இடங்கள் தவறு. அனுபவசாலிகள் பயிற்சியில் இருப்பவர்களைவிட மேலாகச் செய்யவில்லை என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. உங்கள் மூத்தவர்களிடம் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

எதில் தொடங்குவது என்றால், நீரைத் தேடுவதில் அல்ல, உதரவிதானத்தைத் தேடுவதில். குவிந்த முகப்புள்ள ப்ரோப்பை (தோலில் வைத்துப் பார்க்கும் கைப்பிடிப் பகுதி) எடுத்து, அக்குளின் நடுக்கோட்டில் கீழிருந்து மேலாக வாருங்கள். கல்லீரலோ மண்ணீரலோ தெரியட்டும். அதன் மேல் பளிச்சென்று வளைந்து, மூச்சோடு அசையும் கோடு உதரவிதானம். அதற்கு மேலே கருமையாக இருப்பது நீர். அதில் மிதந்து ஆடும் நாக்குப் போன்ற பகுதி சுருங்கிய நுரையீரல். இந்த நான்கையும் ஒரே படத்தில் காட்ட முடியாதவரை ஊசியைத் தொட வேண்டாம்.

தெளிதிரை எழுதியது:

கதிரியல் பக்கத்திலிருந்து ஒரு குரல். குறியிட்டு அனுப்புவதை எங்களில் பலரும் விரும்பிச் செய்வதில்லை, கேட்கிறார்கள், செய்கிறோம். ஐயா சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் //பளிச்சென்று வளைந்து// என்ற வரியை மட்டும் கொஞ்சம் இறுக்கிச் சொல்ல வேண்டும்.

வலப்பக்கம் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே ஒரு பளிச்சென்ற வளைகோடு வரும். இடப்பக்கம் மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே அதேபோல். புதிதாகக் கற்பவர் அதை உதரவிதானம் என்று எடுத்துக்கொண்டால், அதற்கு மேலிருக்கும் கல்லீரல் அவர் கண்ணுக்கு இறுகிய நுரையீரலாகத் தெரியும். அங்கே குழாய் செருகினால் அது வயிற்றுக்குள் போகும். தப்பிக்க வழி உண்டு: சிறுநீரகத்தை அடையாளம் கண்டு, அதிலிருந்து தலைப்பக்கம் ப்ரோப்பை நகர்த்தி, அடுத்த வளைகோடு வருகிறதா என்று பாருங்கள். இன்னொன்று முதுகெலும்பு. காற்று நிறைந்த நுரையீரல் ஒலியலையை விடாது. ஆகவே இயல்பான நெஞ்சில் முதுகெலும்பின் கோடு உதரவிதானத்தோடு நின்றுவிடும். நீரோ இறுகிய நுரையீரலோ இருந்தால்தான் அந்தக் கோடு உதரவிதானத்தைத் தாண்டி மேலே தொடரும்.

வயிற்று நீர், இதய உறை நீர், திரவம் நிறைந்த இரைப்பை ஆகிய மூன்றையும் நெஞ்சு நீர் என்று தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. கெயினை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) தாறுமாறாகக் குறைத்துவைத்தால் திடப்பொருளும் கருப்பாகத் தெரியும்.

கருவியைக் கையில் எடுப்பவர்கள் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்: படம் புரியவில்லை என்றால் நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். "எப்படியும் நீர் இருக்கத்தானே செய்யும்" என்ற நம்பிக்கையில் ஊசி போடுவதற்கு அல்ட்ராசவுண்ட் தேவையே இல்லை.

நள்ளிரவு ஐசியூ எழுதியது:

நீரைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். காற்றைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் தீவிர சிகிச்சையில் அதுதான் இரவில் எழுப்பும்.

காற்று ஒலியலையைத் திருப்பி எறிந்துவிடும், ஆகவே நுரையீரலை அல்ட்ராசவுண்டில் பார்க்கவே முடியாது என்றுதான் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் எழுதின. பிரெஞ்சு மருத்துவர் தானியேல் லிக்டன்ஸ்டைன் அந்தத் திரும்பி வரும் நிழல்களையே படிக்கலாம் என்று காட்டினார். மூச்சுத்திணறலின் காரணத்தை நுரையீரல் அல்ட்ராசவுண்டால் படிப்படியாகத் தேடும் ப்ளூ நெறிமுறையை 2008இல் அவர் வெளியிட்டார். அந்த ஆய்வு, கடும் மூச்சுத்திணறலோடு தீவிர சிகிச்சைக்கு வந்த 260 பேரை ஆராய்ந்தது, 90.5 விழுக்காட்டினருக்கு அல்ட்ராசவுண்ட் சுட்டிய காரணமே இறுதி நோயறிதலோடு பொருந்தியது.

படிப்பது இப்படி. இரண்டு விலா எலும்புகளின் நிழலுக்கு நடுவே ஒரு வெண்கோடு, அதுதான் உறைக்கோடு. மூச்சு இழுக்கும்போது அந்தக் கோடு முன்னும் பின்னும் மினுமினுத்து வழுக்கும். வழுக்கினால், ப்ரோப் இருக்கும் அந்த இடத்தில் காற்றுக்கசிவு (நுரையீரலுக்கு வெளியே, உறைக்குள் காற்று புகுந்துவிடுவது) இல்லை. அதற்குக் கீழே சம இடைவெளியில் கிடைமட்டமாக வருபவை ஏ கோடுகள். உறைக்கோட்டில் பிறந்து, டார்ச் வெளிச்சம் போல் திரையின் அடிவரை விழுந்து, மூச்சோடு நகர்பவை பி கோடுகள். ஒரே விலா இடைவெளியில் மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கமும் பரவலாக இருந்தால் நுரையீரல் வீக்கம் (நுரையீரலுக்கு உள்ளேயே நீர் கோப்பது) முதலில் நினைவுக்கு வரட்டும். நுரையீரல் நார்த்திசு நோயிலும் இரு பக்கமும் வரும். ஒரு பக்கம் மட்டும் திட்டாக இருந்தால் நிமோனியா.

இப்போது நான் வலியுறுத்த விரும்புவது. வழுக்கல் இருந்தால் காற்றுக்கசிவு இல்லை என்று சொல்லலாம். வழுக்கல் இல்லையென்றால் காற்றுக்கசிவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. உறைகள் ஒட்டிப்போனவருக்கு வழுக்காது. செயற்கைச் சுவாசத்துக்குச் செருகிய குழாய் ஒரே பக்க நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் மறுபக்கம் வழுக்காது. நுரையீரலில் பெரிய காற்றுக் குமிழி உள்ளவருக்கும், உதரவிதான நரம்பு செயலிழந்தவருக்கும் வழுக்காது. வழுக்கும் இடமும் வழுக்காத இடமும் சந்தித்து, மூச்சுக்கு மூச்சு மாறி மாறி வருவதை ஒரே படத்தில் கண்டால்தான் உறுதி. லங் பாயின்ட் என்பது அதுதான். நுரையீரல் முழுவதுமாகச் சுருங்கிவிட்டால் அந்தச் சந்திப்பே இராது என்பதையும் மறக்க வேண்டாம். வழுக்கல் இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, நிலை சீராக இருக்கும் நோயாளிக்குக் குழாய் செருகுவதை நான் எப்போதும் எதிர்ப்பேன்.

நீர் எடுப்பதற்கு முன் நெஞ்சின் முன்பக்கத்தில் வழுக்கல் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவையுங்கள். எடுத்து முடித்தபின் அதே இடத்தில் மறுபடி பாருங்கள். முன்பு இருந்தது இப்போது இல்லையென்றால் அதற்கு எடை உண்டு. முன்பு பார்க்காமல் விட்டால், பின்பு வழுக்கல் இல்லை என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஆறாம் வார்டு எழுதியது:

நான் செவிலியர். மருத்துவர்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னியுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. நீர் எடுக்கும்போது நோயாளிக்கு எதிரே நிற்பவள் நான்தான்.

இப்போதெல்லாம் டாக்டர்களின் கண் முழுக்கத் திரையில் இருக்கிறது. நோயாளி அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். அவருடைய உதடு வெளுப்பதும், நெற்றி வியர்ப்பதும், மேசை விளிம்பைப் பிடித்திருக்கும் விரல்கள் இறுகுவதும் எனக்குத்தான் தெரியும். நான் "நிறுத்துங்கள்" என்றால் நிறுத்த வேண்டும். காரணம் கேட்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நீர் எடுக்க எடுக்க இருமல் வரும். கொஞ்சம் இருமல் நுரையீரல் விரிவதன் அடையாளம் என்பார்கள், சரி. ஆனால் விடாத இருமல், நெஞ்சை அழுத்துகிறது என்ற சொல், தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் பாட்டிலில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் நிறுத்துவதே முறை. ஒரே தடவையில் 1.5 லிட்டருக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் வார்டு விதி. "இன்னும் நிறைய இருக்கிறது, ஸ்கேனில் தெரிகிறதே" என்று தொடர்ந்து எடுக்க நினைப்பவர்கள், அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென விரிந்து நீர் கோத்துக்கொள்வதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உட்கார வைப்பதற்கும் நேரம் கொடுங்கள். மேசை உயரம் சரியில்லை என்றால் நோயாளி பாதியில் நகர்வார். நகர்ந்தால் நீங்கள் பார்த்த படம் பழைய படம்.

பழைய ஸ்டெத் எழுதியது:

சிஸ்டர் எழுதியதை எங்கள் பிரிவின் பயிற்சி வகுப்பில் வாசிக்கச் சொல்லப்போகிறேன்.

வளர்பிறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகங்கள்.

ஒன்று: கையிலேயே ப்ரோப் இருக்க வேண்டும் என்றால், ஊசி நுழைவதைத் திரையில் பார்த்துக்கொண்டே போக வேண்டுமா? அல்லது பார்த்துவிட்டு, ப்ரோப்பை வைத்துவிட்டு, உடனே ஊசி போடலாமா?

இரண்டு: விலா எலும்பின் கீழ் விளிம்பில் ரத்தநாளம் ஓடுகிறது, ஆகவே கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டி ஊசி போட வேண்டும் என்று படித்திருக்கிறோம். அதைக் கடைப்பிடித்தால் தமனிக்கு ஆபத்தே இல்லையா?

பழைய ஸ்டெத் எழுதியது:

முதல் கேள்விக்கு: ஆழமான, தடையில்லாத நீர்க்கோப்பு என்றால், நோயாளி அதே இருக்கையில் அசையாமல் இருக்க, பார்த்த கையோடு ஊசி போடுவது போதும். பார்த்தவரும் போடுபவரும் ஒருவராகவோ, அருகருகே நிற்பவர்களாகவோ இருக்க வேண்டும். நீர் மெல்லிய படலமாக இருந்தாலோ, அறைகளாகப் பிரிந்திருந்தாலோ, உறைத்திசு எடுப்பதாக இருந்தாலோ ஊசி முனையைத் திரையில் தொடர்ந்து பார்த்தபடி போக வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். முதல் வகையில் கை தேறாமல் இரண்டாவதற்குப் போக வேண்டாம். நீரின் ஆழம் 1 செ.மீ.க்கும் குறைவு என்றால் நான் ஊசியை எடுப்பதில்லை. தேவையென்றால் கதிரியல் நண்பரிடம் அனுப்புவேன்.

ஆழத்தை அளக்கும்போது ப்ரோப்பை அழுத்திப் பிடித்தால் தசையும் கொழுப்பும் அமுங்கிவிடும். திரையில் 2 செ.மீ. என்று தெரிவது ஊசி போடும்போது 3 செ.மீ. ஆகலாம். உடல் பருத்தவர்களிடம் இது பெரிய வேறுபாடு. மரத்துப்போகும் மருந்து செலுத்தும் ஊசியிலேயே நீர் வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள். நீரோ காற்றோ வராத இடத்தில் குழாய் செருகும் பேச்சே கூடாது.

கைடு வயர் (குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி) வழியாகக் குழாய் செருகும்போது ஆபத்தானது டைலேட்டர் (குழாய் போகும் பாதையை அகலப்படுத்தும் கூர்முனைக் கருவி)தான். தோலிலிருந்து உறை வரை எத்தனை செ.மீ. என்பது இப்போது நமக்குத் தெரியும். அதைவிட 1 செ.மீ.க்கு மேல் டைலேட்டர் உள்ளே போகக் கூடாது. முழுநீளத்தையும் தள்ளிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. இதயத்திலும் கல்லீரலிலும் காயம் ஏற்படுவது இப்படித்தான்.

இரண்டாவது கேள்வியைத் தெளிதிரையிடம் விடுகிறேன்.

தெளிதிரை எழுதியது:

மேல் விளிம்பை ஒட்டிப் போவது சரி, ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. முதுகெலும்பிலிருந்து சுமார் 6 செ.மீ. தூரம் வரை விலாத் தமனி விலாவின் கீழே ஒளிந்திருப்பதில்லை. இடைவெளியின் நடுவிலேயே திறந்து ஓடும். வயதானவர்களிடம் அது வளைந்து நெளிந்து இன்னும் கீழே இறங்கியிருக்கும். ஆகவே முதுகில் நடுக்கோட்டை ஒட்டிக் குறி வைக்க வேண்டாம், பக்கவாட்டுக்கு வாருங்கள். நேர்முகப்புள்ள ப்ரோப்பை வைத்து, கலர் டாப்ளரை (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் வசதி) மெதுவான ஓட்டத்துக்கு ஏற்றபடி குறைத்து, ஊசி போகும் இடைவெளியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில நொடி வேலை. குழாய் என்றால் பாதுகாப்பு முக்கோணம் நினைவிருக்கட்டும்: முன்னே மார்புத் தசையின் விளிம்பு, பின்னே முதுகின் அகன்ற தசையின் விளிம்பு, கீழே ஐந்தாவது விலா இடைவெளி, மேலே அக்குள். அந்த முக்கோணத்துக்குள்ளும் உதரவிதானம் ஏறியிருக்கக்கூடும் என்பதால் அங்கேயும் ப்ரோப் வைத்துப் பாருங்கள்.

இதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். நீருக்குள் வலை வலையாகத் தெரியும் இழைத் தடுப்புகள் அல்ட்ராசவுண்டில் தெரியும் அளவு சி.டி.யில் தெரிவதில்லை. பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சீழ்க்கட்டு நுரையீரலுக்கு உள்ளே இருக்கிறதா, உறையில் இருக்கிறதா என்று பிரித்தறிய சி.டி. மேல். நுரையீரலுக்குள் இருக்கும் சீழ்க்கட்டியை உறைச்சீழ் என்று எண்ணி அவசரப்பட்டுக் குழாய் செருகிவிட வேண்டாம்.

நள்ளிரவு ஐசியூ எழுதியது:

தடுப்புகள் தெரிந்தால் சிலர் "இனி குழாய் வேலை செய்யாது, நேராக அறுவை" என்கிறார்கள். அவசரம் வேண்டாம். 2011இல் வெளிவந்த மிஸ்ட்-2 ஆய்வில் நுரையீரல் உறையில் தொற்று உள்ள 210 நோயாளிகள். டி.பி.ஏ. (உறைகட்டியைக் கரைக்கும் மருந்து) 10 மி.கி., டி.என்.ஏஸ் (சீழின் பிசுபிசுப்பைக் குறைக்கும் நொதி) 5 மி.கி. இரண்டையும் சேர்த்து, நாளுக்கு இருமுறை மூன்று நாள் குழாய் வழியே செலுத்தியவர்களுக்கு நீர்க்கோப்பு கூடுதலாகக் குறைந்தது, அறுவை சிகிச்சைக்கு அனுப்பும் தேவையும் குறைந்தது. தனித்தனியாகக் கொடுத்தபோது அந்தப் பயன் கிடைக்கவில்லை.

கருவியில்லா இரவு எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன். சிறிய மருத்துவமனையில் இரவுப் பணி செய்கிறேன். கருவி பூட்டிய அறையில், சாவி இன்னொருவரிடம். அப்போது நாங்கள் என்ன செய்வது?

நள்ளிரவு ஐசியூ எழுதியது:

அழுத்தக் காற்றுக்கசிவு (உறைக்குள் சிக்கிய காற்று நுரையீரலையும் இதயத்தையும் அழுத்தும் நிலை) என்றால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். ரத்த அழுத்தம் சரிந்து, ஒரு பக்கம் மூச்சொலியே இல்லாமல் நோயாளி தத்தளிக்கும்போது காற்றை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. கருவியைத் தேடி ஓடும் நேரத்தில் உயிர் போய்விடும்.

அதைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலானவை காலை வரை காத்திருக்கும். ஆக்சிஜன் கொடுத்து, நிமிர்த்தி உட்கார வைத்து, காய்ச்சல் இருந்தால் ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டு, விடிந்ததும் பார்த்து எடுங்கள். நீர் நோயாளியின் மூச்சையே அடைக்கிறது, காத்திருக்க முடியாது என்றால், கருவியும் பழகிய கையும் உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். சாவியைப் பற்றி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பூட்டப்படும் கருவி வார்டில் இருப்பதாகக் கணக்கில் காட்டப்படுவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

வளர்பிறை எழுதியது:

கடைசியாக ஒன்று. எப்போது நான் தனியாகச் செய்யத் தகுதி பெற்றவள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எண்ணிக்கை ஏதாவது உண்டா?

பழைய ஸ்டெத் எழுதியது:

எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தகுதி சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டியின் 2020ஆம் ஆண்டுப் பயிற்சித் தரங்கள் அவசரநிலை, முதன்மை, மேம்பட்ட, நிபுணர் என்று படிநிலைகளாகப் பிரிக்கின்றன. அவசரநிலைப் படியில் இருப்பவர் எளிய நீர்க்கோப்பைக் கண்டு பாதுகாப்பான இடத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் போதும். சிக்கலானவற்றை மேலே அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் முதலில் எட்ட வேண்டியது அந்த இடம்தான்.

இன்றைக்கே தொடங்க வழி சொல்கிறேன். நீர் உள்ளவரைப் பார்க்கும்போதெல்லாம் இயல்பான மறுபக்கத்தையும் பாருங்கள். மூச்சிழுக்கும்போது நுரையீரல் திரைச்சீலை போல் இறங்கி உதரவிதானத்தை மறைப்பதைக் கண் பழகட்டும். அடுத்த நாள் சி.டி. எடுக்கப்போகும் நோயாளிகளை முன்னதாகப் பார்த்து, நீங்கள் கண்டதை எழுதிவைத்து, பிறகு ஒப்பிடுங்கள். ஊசியைத் தொடாமலே இதில் நிறைய கற்கலாம்.

தெளிதிரை எழுதியது:

ஊசி போடும் முன் எடுத்த படத்தைச் சேமிக்காமல் கருவியை அணைக்காதீர்கள். பக்கம், நோயாளியின் இருக்கை நிலை, நீரின் ஆழம், உதரவிதானம் தெரிந்ததா என்ற நான்கும் கேஸ் தாளில் வர வேண்டும். இரவில் அந்த நோயாளிக்கு மூச்சு வாங்கினால், பணியிலிருப்பவர் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் கையில் இருக்கும்.

வளர்பிறை, வாரத்தில் ஒரு நாள் உங்கள் மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் வந்து உட்கார அனுமதி கேளுங்கள். எங்கள் துறையில் யாரும் மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். குறி போடும் கையின் பக்கத்தில் நின்று, ஏன் இந்த இடம், ஏன் பக்கத்து இடைவெளி இல்லை என்று கேளுங்கள்.

வளர்பிறை எழுதியது:

நாளைக் காலையே கேட்கிறேன். கருவியின் உறையைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டேன். ஜெல் தீர்ந்திருந்தது, எழுதிக் கொடுத்திருக்கிறேன்.